மெஸ் நோட்டு

முஹர்ரக்கில் சந்தைக்குப் பின்சந்து, இரண்டாம் மாடி.
நாலு கட்டில், ஒரு பிரிட்ஜ்.
இந்த வருஷம் மெஸ் நோட்டு என் கையில்.

ஜூலையைக் கூட்டிப் பார்த்தேன்.
குப்பூஸுக்கு மட்டும் ஒன்பது தினார்.
நாலு வயிறு தின்கிற கணக்கில்லை இது.
கீழே போகவிருந்த குப்பைப் பையை
வாசலிலேயே உட்கார்ந்து அவிழ்த்தேன்:
விறைத்த குப்பூஸ் பதினொன்று,
பாதி அறுத்து மறந்த தக்காளி,
கட்டுப் பிரிக்காமலே அழுகிய கொத்தமல்லி,
அடியில் நாலு விரல் மோரோடு லபான் குப்பி.

"பிணம் அறுக்கிறவன் மாதிரி உக்காந்திருக்க"
என்றான் தேவசகாயம்.
அறுத்தால்தானே தெரியும்
எதனால் செத்தது என்று.

அன்றைக்குப் போட்டது ஒரே சட்டம்.
கடைக்குப் போகுமுன் பிரிட்ஜைத் திறந்து பார்.

ஜமீல் பழைய குப்பூஸைப் பிய்த்துப் போட்டு
கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு கிண்டினான்.
"இதை உப்புமான்னு சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்"
என்ற தேவசகாயம்
மூன்றாம் தரமும் தட்டை நீட்டினான்.
ஹோட்டல் ஸ்டோரில் வேலை பார்க்கும் இளம்பரிதி
கொத்தமல்லியைக் கழுவாமல்
செய்தித்தாளில் சுருட்டி டப்பாவில் படுக்க வைத்தான்.
பத்து நாள் பச்சையாய்க் கிடந்தது,
பார்த்துப் பார்த்து மூடினோம்.

ஏசிக் குழாயைச் சன்னல் வழியே உள்ளே திருப்பினோம்.
ஆகஸ்ட் புழுக்கத்தில் கடலே வந்து சொட்டுகிறது.
படுக்கும்போது வைத்த பக்கெட்
விடியும்போது தளும்புகிறது.
தரை துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற,
ஜமீலின் கராஜ் சட்டை கிரீஸோடு ஊற.
ராத்திரி முழுக்க டொக் டொக்.
முதல் வாரம் தூக்கம் போச்சு,
இப்போது அது நின்றால் விழிப்பு வருகிறது.

எல்லாம் ஜெயிக்கவில்லை.
நானே உறை ஊற்றிய தயிர்
ஏசிக் குளிரில் பாலாகவும் இல்லை, தயிராகவும் இல்லை.
இரண்டு லிட்டர். என் பெயர் போட்டு
நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அப்படியும் செப்டம்பர் கடைசியில்
பதினாலு தினார் அறுநூறு ஃபில்ஸ் மிச்சம்.
அரிசியை மொத்தமாய் வாங்கினால் இன்னும் குறையும்,
மூட்டைக்கு இடம்தான் இல்லை என்றோம்.
இளம்பரிதி குனிந்து பார்த்தான்.
"அண்ணே, ஒங்க கட்டிலுக்கு அடியில என்ன?"

இழுத்தேன். மூன்று வருஷத்து அட்டைப்பெட்டி.
ஊருக்குக் கொண்டுபோக
ஆஃபர் வரும்போதெல்லாம் வாங்கிப் போட்டது.
டேங்க் டப்பா தட்டினால் கல்.
சாக்லேட் சாம்பல் பூத்திருந்தது.
பாதி ஷாம்பு பெட்டியே குளித்துவிட்டது.
அடியில், என் பையன் காகிதத்தில் காலை வைத்து
பேனாவால் சுற்றி வரைந்து அனுப்பிய கோடு.
அந்தக் கோட்டுக்கு வாங்கின ஷூ,
முப்பத்து மூன்றாம் நம்பர்,
லேஸ் கூடக் கோக்கவில்லை.

நோட்டுக்காரன் பெட்டியைப் பார்த்துவிட்டு
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஜமீல்தான் ஒரு சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டான்.
"வெளுத்தாலும் சாக்லேட்தான்."

ஷூவைக் கீழ்வீட்டு ஷொஃபீக்குல் வாங்கிக்கொண்டார்.
வியாழக்கிழமை டாக்கா விமானம்,
மகனுக்கு எட்டு வயசாம்.
ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டேன்.
"முப்பத்தொம்பதுப்பா" என்றான் பையன்,
குரலும் உடைந்திருந்தது.
"இப்ப வாங்காதீங்க.
நீங்க வந்தப்புறம் போட்டுப் பாத்து வாங்கலாம்."

மிச்சத்தில் நாலு தினாருக்கு ஆட்டுக்கறி.
எலும்பு மறுநாள் ரசத்துக்கு.
மற்றது அரிசி மூட்டைக்கு.

காலிப் பெட்டியைத் தட்டையாக மடித்து
சைக்கிளில் அட்டை சேர்க்கிறவரிடம் கொடுத்தேன்.
ஐம்பது ஃபில்ஸ் நீட்டினார்.
வேண்டாம் என்று படியேறிவிட்டேன்.
முதல் மாடியில் நின்றேன்.
திரும்ப இறங்கி, கூப்பிட்டு,
வாங்கிக்கொண்டேன்.